முடக்குவாதத்துக்கு நீங்களே ஊசி போட்டுக்கொள்ளப் போகிறீர்களா?

"மாத்திரை மட்டும் போதவில்லை, ஊசிக்கு மாறிவிடலாம்" என்று மூட்டுவாத மருத்துவர் சொன்னதும் பெரும்பாலானோர் கேட்பது, "யார் போடுவாங்க?" என்றுதான். "நீங்களேதான்" என்று பதில் வந்ததும் கண் தானாகக் கைக்குப் போகும். காலையில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத இந்த விரல்களை வைத்துக்கொண்டா?

நானும் அப்படித்தான் என் கையைப் பார்த்தேன். முதலில் வாராவாரம் மெத்தோட்ரெக்சேட் ஊசி. இப்போது சில வருடங்களாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் பேனாவை (பேனா வடிவில், தானாகக் குத்தும் ஊசி) தொடையில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். குத்துவது பதினைந்து விநாடி வேலை. நான் செய்த தவறுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அந்தப் பதினைந்து விநாடிக்கு வெளியே நடந்தவை: ஃபிரிட்ஜில், காலண்டரில், காய்ச்சல் வந்த நாளில். அதனால் இங்கே குத்தும் பகுதியைவிட மற்றவற்றுக்குத்தான் அதிக இடம்.

என்ன மருந்து என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முடக்குவாதத்துக்கு வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மெத்தோட்ரெக்சேட், மற்றது பயாலஜிக் மருந்துகள். பலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு என்பதால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட்டை நீங்கள் ஏற்கெனவே மாத்திரையாகச் சாப்பிட்டிருக்கலாம். அதையே ஊசியாக மாற்ற இரண்டு காரணங்கள் உண்டு. மாத்திரை வயிற்றைப் புரட்டலாம். அல்லது அளவைக் கூட்டியும் பலன் கூடாமல் இருக்கலாம். வாரத்துக்கு 15 மி.கி.க்கு மேல் போனால் குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. தோலுக்கு அடியில் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. மஞ்சள் நிறத் திரவம், வாரம் ஒருமுறை. இந்த "வாரம் ஒருமுறை" என்பதைக் கொட்டை எழுத்தில் பெட்டிமேல் எழுதி ஒட்டுங்கள். தெரியாமல் தினமும் எடுத்துக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். அது பக்கவிளைவைக் குறைப்பதற்கு. எந்த நாளில் எடுப்பது என்று மருத்துவர் சொல்வார், அதை விட்டுவிடாதீர்கள்.

பயாலஜிக் மருந்துகள் புரதத்தால் ஆனவை. வாய்வழியாகச் சாப்பிட்டால் வயிறு செரித்துவிடும், அதனால்தான் ஊசி. மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளை மறிப்பவை இவற்றில் ஒரு கூட்டம்: அடாலிமுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி., எட்டனர்செப்ட் வாரம் 50 மி.கி., கோலிமுமாப் மாதம் 50 மி.கி. செர்ட்டோலிசுமாபும் இந்தக் கூட்டம்தான். வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு பொருளான இன்டர்லூகின்-6ஐ மறிப்பவை டோசிலிசுமாப், சாரிலுமாப். அபாட்டாசெப்ட் வேறு வழியில் வேலை செய்யும். அது வாரம் 125 மி.கி.

டி.என்.எஃப்-ஐ மறித்தால் மூட்டு அடங்கும் என்பதை 1990களில் லண்டனில் நிரூபித்தவர்கள் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். அடாலிமுமாபை உருவாக்க உதவிய நுட்பத்துக்காக 2018இல் கிரெக் வின்டருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தொடையில் குத்திக்கொள்ளும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது, சரி. இருந்தாலும் எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் தெம்பு வந்தது.

தொடங்கும் முன் நடக்கும் சோதனைகள்

பயாலஜிக் தொடங்கும் முன் காசநோய்க்கான தோல் அல்லது இரத்தச் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை வைரஸ்களான ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகள் எல்லாம் எடுப்பார்கள். "எனக்கு இருமலே இல்லையே, எதுக்கு டி.பி. டெஸ்ட்?" என்று தோன்றும். எப்போதோ உள்ளே புகுந்த காசநோய்க் கிருமியை உடல் ஒரு சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கலாம். அந்தச் சுவர் இடியாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். அதையே மறித்துவிட்டால் கிருமி வெளியே வந்துவிடும். உறங்கும் காசநோய் இருப்பதாகத் தெரிந்தால் அதற்கான மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டு அப்புறம் ஊசிக்கு வருவார்கள். சில வாரம் தாமதமாகும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள்.

தடுப்பூசிகளையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இந்த மருந்துகள் நடக்கும்போது பொதுவாகப் போடமாட்டார்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. குழந்தை பெறும் திட்டம் (மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது, முன்னதாகவே நிறுத்த வேண்டும்). மது அருந்தும் பழக்கம் (மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை). இதயம் பலவீனமாக இருப்பது, நரம்பு நோய்கள், முன்பு வந்த புற்றுநோய், அடிக்கடி வரும் தொற்றுகள். லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில ஊசிகளின் மூடியில் அது இருக்கும்.

பேனாவா, சிரிஞ்சா?

மருத்துவர் இதை உங்களிடம் கேட்காமலே எழுதிவிடலாம். அதனால் நீங்களே கேளுங்கள். மருந்து ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சு, தானாகக் குத்தும் பேனா என இரண்டு வடிவம் உண்டு. பேனாவிலும் இரண்டு ரகம். ஒன்றில் தலையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மற்றதில் பொத்தானே கிடையாது, தோல்மேல் வைத்து அழுத்தினால் போதும். கட்டைவிரல் மூட்டு வீங்கியிருப்பவர்களுக்கு இரண்டாவது ரகம் வரம். சிரிஞ்சில் எவ்வளவு வேகமாகத் தள்ளுவது என்பது உங்கள் கையில் இருக்கும், எரிச்சலைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஊசி கண்ணுக்குத் தெரியும். பேனாவில் ஊசி கண்ணில் படாது.

மருந்தில்லாத பயிற்சிப் பேனா ஒன்று கிளினிக்கில் இருக்கும். அதை வாங்கி, மூடியை இழுத்து, அழுத்திப் பாருங்கள். உங்கள் விரலுக்கு ஒத்துவருகிறதா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் ஊசியைச் செவிலியர் முன்னிலையில், ஆனால் உங்கள் கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள். அவர் போட்டுவிட்டால் வீட்டில் போடுவதுதான் உங்களுக்கு முதல் ஊசியாக இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "இது சிட்ரேட் இல்லாத வகையா?" அடாலிமுமாபின் பழைய கலவையில் இருந்த சிட்ரேட் உப்பு நன்றாகவே எரியும். சிட்ரேட் இல்லாத வகைகள் வந்துவிட்டன. மாற்றியபின் எனக்கு வித்தியாசம் முதல் ஊசியிலேயே தெரிந்தது.

ஃபிரிட்ஜ்

பயாலஜிக் மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், அதன் பெட்டியிலேயே, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னால் தள்ளி வைத்தேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அட்டைப்பெட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, மூலையில் பனி. உள்ளே இருந்த இரண்டு பேனாவையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ஒருமுறை உறைந்த மருந்து, உருகியபின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது. புரதம் கெட்டிருக்கும். குலுக்குவதும் கூடாது. நடுத்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பெட்டியை வைத்து, பக்கத்தில் சின்ன வெப்பமானி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

வெளியே எடுத்தால் உடனே கெட்டுவிடாது. பல அடாலிமுமாப் பேனாக்களை 25 டிகிரிக்குள் 14 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்துக்கு மருந்து, கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. எடுத்த தேதியைப் பெட்டிமேல் எழுதுங்கள். "போன வாரம்தானே எடுத்தோம்" என்ற ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் இருந்தால் போதும்.

பயணத்தில் குளிர்ப்பையை எப்போதும் கையில் வைத்திருங்கள். விமானத்தில் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் போட்டால் உறைந்துவிடலாம். பனிப்பொதிக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துணியை மடித்து வையுங்கள். மருத்துவரின் கடிதம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

நாளும் நேரமும்

நாளில் உங்களுக்கு விரல் எப்போது இளகுகிறது என்று பார்த்து நேரத்தை வையுங்கள். காலை விறைப்போடு பேனா மூடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான் மாலையில், வெந்நீரில் குளித்து அரை மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்கிறேன். மெத்தோட்ரெக்சேட் போடுபவர்கள் பலர் மறுநாள் ஓய்வு இருக்கும்படி இரவைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அடுத்த நாள் சோர்வும் குமட்டலும் வரலாம். அப்போது தூக்கத்திலேயே பாதி கழிந்துவிடும்.

போனில் அலாரம் வைப்பதோடு சுவர்க் காலண்டரிலும் குறியுங்கள். ஒரு விதி: போட்டு முடித்தபின்தான் டிக் அடிக்க வேண்டும். போடப்போகிறோம் என்று முன்கூட்டியே டிக் அடித்துவிட்டு, நடுவில் ஒரு போன் வந்து, இரவு படுக்கையில் "போட்டேனா இல்லையா?" என்று முழித்திருக்கிறேன்.

இப்போது ஊசி

பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மூடியோடு மேசைமேல் வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம், சில பேனாக்களுக்கு 45 நிமிடம். சில்லென்று இருக்கும் மருந்து உள்ளே போகும்போது வலிக்கும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு. வெந்நீரில் முக்குவது, மைக்ரோவேவில் வைப்பது, வெயிலில் வைப்பது எல்லாம் மருந்தைக் கெடுக்கும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை.

காத்திருக்கும் நேரத்தில் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். பேனாவின் ஜன்னல் வழியாகத் திரவத்தைப் பாருங்கள். குமிழ் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அது ஆபத்தில்லை. கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீர்கள், மருந்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடம்: தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிறு. மேல்கையின் பின்பக்கம் என்றால் வேறு யாராவதுதான் போட முடியும். போன தடவை போட்ட இடத்திலிருந்து குறைந்தது 3 செ.மீ. விலகியிருக்கட்டும். நான் இடது தொடை, வலது தொடை என்று மாற்றிக்கொள்கிறேன். காயம், தழும்பு, சிவப்பு, தடிப்பு, கன்றிப்போன இடம் எதிலும் வேண்டாம். ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் வரும் எரிச்சலை மருந்தின் தலையில் போட்டுவிடுவோம்.

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, தொடையைத் தளர்த்துங்கள். மூடியை நேராக இழுங்கள். திருக வேண்டிய வகை என்றால் தாளில் சொல்லியிருக்கும். பிடி வழுக்கினால் ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு இழுக்கலாம். பல்லால் கடித்து இழுக்காதீர்கள். கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. ஊசி கையில் ஏறிவிடும், பேனாவும் வீணாகும்.

பேனாவைத் தோலுக்கு நேர்க்குத்தாக, 90 டிகிரியில் வைத்து அழுத்துங்கள். உங்களுடையது பொத்தான் ரகம் என்றால் அப்புறம் பொத்தான். "டிக்" என்று சத்தம் வரும். அதைக் கேட்டதும் எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள்.

என் தவறு இங்கேதான். வீட்டில் முதல்முறை போட்டபோது டிக் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் தூக்கிவிட்டேன். மருந்து தொடைவழியாக வழிந்தது. பெட்டியில் இன்னொரு பேனா இருந்தது, அதை எடுக்கக் கையும் போய்விட்டது. நல்லவேளை, முதலில் செவிலியரைப் போனில் கூப்பிட்டேன்.

"எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"எண்ணவே இல்லை சிஸ்டர்."

"சரி, இன்னொண்ணைத் தொடாதீங்க. எவ்வளவு உள்ளே போச்சுன்னு நமக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். அடுத்த தடவை பதினைஞ்சு வரைக்கும் நிதானமா எண்ணுங்க."

முதல் டிக் என்பது ஊசி ஏறியதற்கான சத்தம். மருந்து இறங்க இன்னும் 10 முதல் 15 விநாடி ஆகும். சில பேனாக்களில் முடியும்போது இரண்டாவது டிக் வரும். பலவற்றில் ஜன்னல் முழுக்க வேறு நிறமாக மாறும். நிறம் முழுதாக மாறிய பிறகுதான் நேராகத் தூக்க வேண்டும். தோல்மேல் ஒரு சொட்டு நின்றால் அது வழக்கம்தான்.

சிரிஞ்சு என்றால் தோலைக் கிள்ளிப் பிடித்து, பெரும்பாலும் 45 டிகிரி சாய்வில் சட்டென்று ஊசியை ஏற்றி, தண்டை மெதுவாகக் கடைசிவரை தள்ளுங்கள். முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சில் தாளில் சொல்லியிருந்தால் ஒழிய காற்றுக் குமிழை வெளியேற்றப் பார்க்க வேண்டாம், மருந்துதான் போகும்.

எடுத்தபின் பஞ்சை வைத்துச் சில விநாடி அழுத்துங்கள். தேய்க்காதீர்கள். ஒரு துளி இரத்தம் வரலாம். பேனாவை ஊசிக் கழிவுக்கென்று தரும் குத்தாத டப்பாவில் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் திருப்பிக் கொடுத்துவிடலாம். மெத்தோட்ரெக்சேட் கழிவைத் தனியாக வைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். அது செல்களைத் தாக்கும் மருந்து. தோலில் சிந்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. உங்களுக்கு உதவும் வீட்டார் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

ஊசி என்றாலே மயக்கம் வருபவர்கள் படுத்துக்கொண்டே போடலாம். போடும் இடத்தில் துணி சுற்றிய பனிப்பொதியை ஒரு நிமிடம் வைத்தால் மரத்துப்போகும். மூச்சை வெளியே விடும்போது அழுத்துங்கள். கை ஒத்துழைக்காத நாளில் வீட்டில் ஒருவர் போட்டுவிடலாம். அவருக்கும் செவிலியரிடம் ஒருமுறை பயிற்சி வாங்கிக்கொடுங்கள்.

அதன்பின் கவனிக்க வேண்டியவை

போட்ட இடம் சிவந்து, அரித்து, லேசாக வீங்கலாம். முதல் மாதம்தான் இது அதிகம், சில நாளில் அடங்கிவிடும். குளிர்ந்த துணி போதும். முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு. உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, காரணமில்லாத கன்றல்கள் வந்தால் அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் சொல்ல வேண்டும். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் இவற்றுக்கான சோதனை தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூட இருக்கும். அளவு நிலைப்பட்டபின் இடைவெளி கூடும். நன்றாக இருக்கிறதே என்று அதைத் தவிர்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கல்லீரல் கெடுவது முதலில் வலியாகத் தெரிவதில்லை.

காய்ச்சல் வந்தாலோ, ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தாலோ, காயம் சீழ் பிடித்தாலோ அடுத்த ஊசியைப் போடும் முன் மருத்துவக் குழுவைக் கேளுங்கள். பெரும்பாலும் தொற்று தீரும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். ஒரு ஊசி தள்ளிப்போனால் மூட்டு கொஞ்சம் முணுமுணுக்கலாம், அதைச் சமாளித்துவிடலாம். கட்டுக்கு அடங்காத தொற்றைச் சமாளிப்பது கஷ்டம். டோசிலிசுமாப், சாரிலுமாப் போடுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அவை காய்ச்சலையும், இரத்தத்தில் சி.ஆர்.பி. (தொற்று, வீக்கம் இருந்தால் கூடும் புரதம்) ஏறுவதையும் அமுக்கிவிடும். உள்ளே பெரிய தொற்று இருந்தும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உடம்பு ஏதோ சரியில்லை என்று தோன்றினாலே போதும், போய்க் காட்டுங்கள்.

பல் மருத்துவர், கண் மருத்துவர், அறுவை சிகிச்சை செய்பவர் என்று யாரிடம் போனாலும் என்ன ஊசி போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அறுவைக்கு முன் சில மருந்துகளை இடைநிறுத்த வேண்டியிருக்கும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் ட்ரைமெத்தோப்ரிம் என்ற பெயரையும், அது கலந்த கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாக எழுதும் ஆன்டிபயாடிக்தான். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும்.

ஊசி போட மறந்துவிட்டால் பதறி இரண்டாகப் போடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் என்றால் வழக்கமாக இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் ஆனால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த முறை உரிய நாளில் தொடர வேண்டும். பயாலஜிக்கில் மருந்துக்கு மருந்து விதி மாறும், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பலன் எப்போது தெரியும்? பயாலஜிக் சிலருக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரியும், பலருக்கு 12 வாரம் வரை ஆகும். மெத்தோட்ரெக்சேட்டும் 6 முதல் 12 வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயாலஜிக் தொடங்கிய கையோடு "இனி மெத்தோட்ரெக்சேட் எதுக்கு?" என்று விட்டுவிடுவதும் தவறு. புது மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதை அது குறைக்கிறது. மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை என்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசுவார். ஒன்று கேட்கவில்லை என்றால் வேறு வழியில் வேலை செய்யும் இன்னொன்று இருக்கிறது.

அந்த மூன்று மாதம் கழித்து "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்கும்போது "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, எந்தத் தொடை, பேனாவின் தொகுதி எண், காலையில் விரல் இளக எத்தனை நிமிடம் ஆனது, அவ்வளவுதான். என் நோட்டில் முதல் வரி "110 நிமிடம்" என்று இருக்கிறது. பதினோராவது வாரத்தில் "25" என்று எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு வாரம் "140". அந்த வாரம் அழுதேன் என்று எழுதவில்லை, ஆனால் நினைவிருக்கிறது.

அப்புறம், பெட்டியில் கடைசிக்கு முந்தின பேனாவைப் போட்ட அன்றே அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள். வந்து சேர எப்போதும் நினைத்ததைவிட நாலு நாள் கூடத்தான் ஆகிறது.